பதினெட்டில் ஒன்று

செங்கோட்டுவேல் எனக்குத் தர வேண்டியது
ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம்.
மூன்று லாட் நேவி புளூ, ஒரு லாட் மெரூன்
சாயம் போட்டுக் கொடுத்துப் பதினோரு மாதம்.
நேற்று வந்தான்.
செக் வரவில்லை.
பெல்ஜியம் கண்காட்சிக்குப் போன எடத்துல
உங்க நெனப்பு வந்துச்சுங்ணா என்று
மேசைமேல் ஒரு தகர டப்பாவை வைத்தான்.
பைப் புகையிலை. ஐம்பது கிராம்.
மூடியில் ஒரு கொக்கு
ஒற்றைக் காலில் நின்று
எதற்கோ காத்திருந்தது.
காப்பி வேண்டாங் என்றான்,
படியிறங்கிக்கொண்டே.

இத்தனை வருடம் நான் புகைத்தது ஒரே ரகம்.
ஒப்பணக்கார வீதிச் சந்தில் பொட்டலமாகக் கிடைக்கும்.
செர்ரிப் பழ வாசம் ஏற்றியது.
இருமல் மருந்தைக் கொளுத்தினது போலிருக்கும்.
பழகிவிட்டது.

லேபில் எல்லோரும் போன பிறகு
ஐந்து ரூபாய் நாணயத்தை இடுக்கில் விட்டு நெம்பினேன்.
புஸ்ஸென்று ஒரு மூச்சு.
ஆண்ட்வெர்ப் காற்றாக இருக்கும்,
திருப்பூரில் அரை நொடிகூடத் தாங்கவில்லை.
உள்ளே இழை இல்லை,
அழுத்தி அறுத்த துண்டு துண்டாக,
கருப்பும் தேன்நிறமும் வரிவரியாக.
வாய் தானாக ஷேடு சொன்னது:
பிரௌன் நாற்பது சதம், மஞ்சள் கொஞ்சம்,
சிவப்பு ஒரு சொட்டு, மறந்தால் செத்துப்போகும்.

விரலில் ஈரம் ஒட்டியது.
ஜி.எஸ்.எம். கட்டரில் வெட்டிய வட்டத் துணிமேல்
ஒரு துண்டை உதிர்த்துப் பரப்பி
டியூப் லைட்டுக்கு அடியில் அரைமணி உலரவிட்டேன்.
துணித் தராசிலேயே எடை போட்டேன்.
இரண்டு கிராம், எண்ணூறு மில்லி.
அப்படியென்றால் டப்பாவுக்குப் பதினெட்டுத் தடவை,
கடைசித் தடவை கொஞ்சம் குறையும்.
பாக்கியைப் பதினெட்டால் வகுத்தேன்.
ஒரு பைப்புக்கு எட்டாயிரம் ரூபாய்.

மச்சுக்கு ஏறினேன்.
ஆடிக்காற்று கணவாய் வழி வந்து
ஊரையே புரட்டிக்கொண்டிருந்தது.
முதல் தீக்குச்சியைக் காற்று குடித்தது.
இரண்டாவதையும்.
சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து
ஏழாவது குச்சியில் பிடித்தது.

முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. முந்நூறு போச்சு.
அடுத்தது நாக்கைக் கடித்தது.
அவசரப்பட்டு இழுத்தால் கடிக்கும், எனக்கே தெரியும்,
எட்டாயிரம் என்றால் அவசரம் வரத்தானே செய்யும்.
அணைந்தது. பற்றவைத்தேன்.
அணைந்தது.

அசிட்டிக் ஆசிடும் ஹைட்ரோஸும்
இருபத்தாறு வருடமாக ஏறிய மூக்கு.
மல்லிகையும் துணி சோப்பும் எனக்கு ஒன்றுதான்.
அப்படித்தான் நினைத்திருந்தேன்.
பாதி பைப்பில், இழுக்க மறந்து
பக்கத்து மில்லில் ஷிப்ட் மாறுகிற சங்கைக் கேட்டிருந்தபோது
எங்கோ தூரத்திலிருந்து போல வந்தது:
பொழுது இறங்கிய பிறகும்
சோளத்தட்டுப் போருக்குள் தங்கியிருக்கிற சூடு.
அதற்குப் பின்னால் இன்னொன்று.
அதற்குப் பேர் வைக்க முடியவில்லை.
ஷேடு கார்டில் அது இல்லை.

கலாமணி துணி எடுக்க வந்தாள்.
நின்று முகர்ந்தாள்.
ஏனுங், யாரோ அச்சுவெல்லம் காய்ச்சறாங்களாட்ட இருக்குது,
இந்நேரத்துல?
கை பைப்பை லுங்கிக்குள் மறைத்தது.
தொடையில் சுட்டது.
ஆமா, ஆரோ என்றேன்.
அவள் என் மடியிலிருந்து எழும்பிய புகையைப் பார்த்துவிட்டுத்
துணியோடு இறங்கிப் போனாள்.

காலையில் காப்பி நாக்கில் ஏறவில்லை.
எட்டரைக்கு அவனே கூப்பிட்டான்.
எப்படிங்ணா இருந்துச்சு?
சுமாருங், என்றேன்.
செக்கு எப்பங்க வருது?
அந்தப் பக்கம் பஸ் ஹாரன் மட்டும்.

வட்டத் துணியில் அடுத்த துண்டு
அதற்குள் காய்ந்துகொண்டிருந்தது.